லோயருக்குக் கொடுக்கக் காசில்லை, வழக்கை எப்படிப் போடுவது? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குடும்ப வழக்குகளைப் பற்றியவை. எழுதியவர்கள் வேறு வேறு ஊர். ஆனால் கணவன் செய்ததை விட, மகன் செய்ததை விட, லோயருக்கு எவ்வளவு கேட்பார்களோ என்ற பயம்தான் எல்லாக் கடிதத்திலும் முன்னுக்கு நிற்கிறது. அதனால் இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒன்று. நான் சட்டத்தரணி இல்லை. திருகோணமலையில் நீதிமன்ற அலுவலகத்தில் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த விண்ணப்பம் எந்தக் கதவுக்குப் போகும், எந்தக் கடதாசி இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்பது எனக்குத் தெரியும். வழக்கை வாதாட எனக்குத் தெரியாது. வாதாட ஆள் வேண்டிய இடத்தில் வேண்டும் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: அக்கா, கணவர் எங்களை விட்டுப் போய் ஒன்றரை வருடம். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறார். மகள் தரம் 7, மகன் தரம் 2. முதலில் மாதம் கொஞ்சம் தந்தார், இப்போது போனும் எடுப்பதில்லை. கோட்டடியில் நிற்கும் ஒருவர், பிள்ளைச்செலவு வழக்குப் போட்டுத் தருகிறேன், கையில் 60,000 ரூபா வேண்டும் என்றார். நான் தையல் தைத்துத்தான் வீட்டை ஓட்டுகிறேன். எங்களுக்குக் கோயிலில் தாலி கட்டியது மட்டும்தான், பதிவு செய்யவில்லை. அதனால் வழக்கே நிற்காது என்று அவருடைய அக்கா சொல்கிறா. உண்மையா?
– பெயர் வேண்டாம், சாம்பல்தீவு

பதில்: தங்கச்சி, அந்த மனிதருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அவர் சட்டத்தரணியா என்று கூட உங்கள் கடிதத்தில் இல்லை. கோட்டு வாசலில் நின்று ஆள் பிடிப்பவர்களைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். காசு வாங்கும்போது இருக்கும் ஆள் தவணைக்கு வரமாட்டார்.

நீங்கள் போட வேண்டியது தாபரிப்பு வழக்கு, அதாவது மாதச் செலவுப் பணம் கேட்கும் வழக்கு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகத் தேவையில்லை, நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே போடலாம், அவர் இருக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. விண்ணப்பக்காரியாக நீங்களே எழுந்து நின்று பேசலாம். லோயர் இல்லாமல் வந்தாய் என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, நீதவான் கேட்டதற்கு நேரே பதில் சொல்லி, கட்டளை வாங்கிக்கொண்டு போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருக்குக் கையெழுத்து வைக்க மட்டும்தான் தெரியும்.

சரி, பதிவு இல்லாத திருமணம். உங்கள் மச்சாள் சொன்னதை மனதில் எடுக்க வேண்டாம். எங்கள் பொதுச் சட்டத்தில் (முஸ்லிம், கண்டியத் திருமணச் சட்டங்களுக்குள் வராதவர்களுக்கு உள்ளது) பதிவு செய்யவில்லை என்ற ஒரே காரணத்தால் திருமணம் இல்லாமல் போவதில்லை. சம்பிரதாயப்படி தாலி கட்டியதையும், ஊரார் கணவன் மனைவி என்று ஏற்க ஒன்றாக வாழ்ந்ததையும் நிரூபிக்கலாம். தாலி கட்டுவித்த ஐயர், பந்தலில் நின்ற உறவுக்காரர், படங்கள், இருவர் பெயரும் ஒரே வீட்டு இலக்கத்தில் உள்ள வாக்காளர் இடாப்பு, இவற்றை ஒழுங்கு செய்யுங்கள். ஒரு பேச்சுக்கு உங்கள் பங்கில் சிக்கல் வந்தாலும் பிள்ளைகளின் பங்கு தனி. தகப்பன் தகப்பன்தான் என்று காட்டினால் போதும், பெற்றோர் திருமணம் செய்தார்களா என்பது பிள்ளையின் சாப்பாட்டுக்கு நிபந்தனை இல்லை. பிறப்புச் சான்றிதழில் அவருடைய பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது.

தையல் வருமானத்தை மறைக்கவும் வேண்டாம். மனைவிக்கான தாபரிப்பு, தன்னைத் தானே பராமரிக்க முடியாதவளுக்கு. பிள்ளைகளின் பங்கைக் கேட்க உங்கள் உழைப்புத் தடையில்லை. நீங்கள் உழைக்கிறீர்கள் என்பதற்காகத் தகப்பனின் கடமை கழியாது. உள்ளதை உள்ளபடி சொன்னால் குறுக்குக் கேள்வியில் தடுமாற மாட்டீர்கள்.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: உங்கள் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அவருடைய முழுப் பெயரும் முகவரியும், வேலை செய்யும் ஹோட்டலின் பெயரும் முகவரியும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அழைப்பாணை போய்ச் சேராவிட்டால் வழக்குத் தவணை தவணையாக இழுபடும். வேலை செய்யும் இடம் தெரிந்தால் அங்கே சேர்ப்பிக்கலாம், பிறகு சம்பளத்தில் கழிக்கச் சொல்லிக் கேட்கவும் அதுவே உதவும்.

அதோடு ஒரு கொப்பித் தாளில் மாதச் செலவை எழுதுங்கள். அரிசி, பால்மா, பள்ளிக்கூட வான், ரியூஷன், சப்பாத்து, மருந்து, கரண்ட் பில். மொத்தத்தை மட்டும் சொன்னால் எதிர்த்தரப்பு பேரம் பேசும். ஒவ்வொன்றாகச் சொன்னால் எதைக் குறைப்பது என்று அவர்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டி வரும். மகளுடைய கண்ணாடியை வேண்டாம் என்று நீதவானுக்கு முன் எந்தத் தகப்பனும் லேசில் சொல்லமாட்டார்.

கட்டளை கிடைத்த பிறகு அவர் கட்டாமல் விட்டால் அதே நீதிமன்றத்துக்குத் திரும்பப் போங்கள். பிடியாணை எடுக்கலாம், சம்பளத்தில் அறவிடலாம், கடைசியில் மறியலும் (சிறையும்) உண்டு. விலைவாசி ஏறிப் பணம் போதாமல் போனால் தொகையைக் கூட்டித் தரும்படியும் பிறகு விண்ணப்பிக்கலாம். மகள் 18 வயது தாண்டிப் படித்துக்கொண்டிருந்தால் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். 18க்கும் 25க்கும் இடைப்பட்ட பிள்ளைக்கும் இந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

தனியாகப் பேசப் பயமாக இருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அரச நிறுவனம் அது. திருகோணமலையிலும் அதன் நிலையம் இருக்கிறது. கிராம சேவகரிடம் வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதம் எடுத்துக்கொண்டு போனால், தகுதி இருக்கிறதா என்று பார்த்துச் சட்டத்தரணியை அவர்களே தருவார்கள். இதைப் பிச்சை என்று நினைத்துக் கூச்சப்படும் பெண்களைக் கண்டிருக்கிறேன். அரச ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சப்படுகிறோமா? இதுவும் அப்படித்தான்.

கேள்வி: நானும் மனைவியும் ஒத்துவராது என்று முடிவு செய்துவிட்டோம். சண்டை இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரு சமாதான நீதவானிடம் போய் "பரஸ்பர சம்மதத்துடன் பிரிந்துவிட்டோம், இனி யாரும் யாரையும் கேட்க மாட்டோம்" என்று சத்தியக்கடதாசி முடித்தால் போதும், செலவு சில நூறு ரூபாதான் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?
– உப்புவெளி வாசகர்

பதில்: செய்ய வேண்டாம் தம்பி. இந்தக் கடதாசியால் அவதிப்பட்ட குடும்பங்கள் பல. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சமாதான நீதவானுக்குத் திருமணத்தைக் குலைக்கும் அதிகாரம் இல்லை. பொலிசுக்கும் இல்லை, இரு தரப்பையும் பேசி இணக்கப்படுத்தும் மத்தியஸ்த சபைக்கும் இல்லை. பொதுச் சட்டத்தின் கீழ் நடந்த திருமணத்தை மாவட்ட நீதிமன்றம்தான் குலைக்கலாம். அந்தக் கடதாசியை நம்பி நீங்கள் இன்னொரு திருமணம் செய்தால் அது இருதாரக் குற்றம். தண்டனைச் சட்டக்கோவையில் அதற்கு 7 வருடம் வரை சிறை இருக்கிறது. இரண்டாவதாக வரும் பெண்ணின் நிலையையும் யோசியுங்கள்.

இன்னொரு விஷயத்தை உங்கள் மனைவிக்காகவும், இதை வாசிக்கும் மற்றப் பெண்களுக்காகவும் சொல்கிறேன். கணவன் மனைவி இருவரும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்கிறார்கள் என்றால் மனைவிக்குத் தாபரிப்புக் கட்டளை கொடுக்க முடியாது என்று தாபரிப்புச் சட்டமே சொல்கிறது. ஆகவே சில நூறு ரூபாவுக்கு முடித்த அந்தத் தாள், நாளைக்கு அவள் கோட்டுக்குப் போனால் அவளுக்கு எதிராக நீட்டப்படும். பொலிஸ் நிலையத்தில் சமாதானம் பேசும்போதும் இப்படி ஒரு வரியை எழுதிக் கையெழுத்து வாங்குவது உண்டு. தங்கச்சிமாரே, வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால் தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். அது உங்கள் உரிமை, அதைக் கேட்பது சண்டித்தனம் இல்லை.

சரி, பிறகு என்ன வழி? எங்கள் பொதுச் சட்டத்தில் "இருவருக்கும் விருப்பம் இல்லை" என்பது விவாகரத்துக்கு ஒரு காரணம் இல்லை. பிறருடன் தொடர்பு, வஞ்சகமாகக் கைவிட்டுப் போதல், திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு ஆகிய மூன்றும்தான் 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் உள்ளவை. கண்டியச் சிங்களவருக்கான தனிச் சட்டத்தின் கீழ் திருமணம் செய்தவர்கள் மாவட்டப் பதிவாளரிடமே போய் முடிக்கலாம். அதைப் பார்த்துத்தான் உங்கள் நண்பர் குழம்பியிருக்கிறார் போல. இந்தச் சட்டம் மாற வேண்டும் என்பது என் ஆசை. சண்டையில்லாமல் பிரிய வந்தவர்களைக் கூட ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சொல்ல வைக்கிறது. அது மாறும் வரை உள்ள வாசலால்தான் போக வேண்டும்.

இது சட்டத்தரணி தேவையான இடம். முறைப்பாட்டை எழுதும் விதத்திலேயே வழக்கு நிற்பதும் விழுவதும் இருக்கிறது. செலவைக் குறைக்க வழி உண்டு. முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள். வருமானம் காரணமாக அங்கே கிடைக்காவிட்டால், ஒருவர் வழக்குப் போட மற்றவர் எதிர்க்காமல் இருப்பார் என்பதைத் தெளிவாகச் சொல்லி, இரண்டு மூன்று சட்டத்தரணிகளிடம் கட்டணம் விசாரியுங்கள். தவணைக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள், தொடக்கத்திலிருந்து தீர்ப்பு முற்றாகும் வரை மொத்தம் எவ்வளவு என்று பேசுங்கள். எதிர்ப்பில்லாத வழக்கில் மொத்தத் தொகை பேசுவது வழமையான விஷயம்தான், யாரும் கோபிக்கமாட்டார்கள். கொடுக்கும் காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். முதலில் கிடைப்பது தற்காலிகத் தீர்ப்பு. 3 மாதம் கழிந்து அது முற்றாக்கப்பட்ட பிறகுதான் நீங்கள் தனி ஆள். அந்தக் கடைசிப் படியைச் செய்யாமல் விட்டு, வருடங்கள் கழித்து மறுமணப் பதிவுக்குப் போய் நின்றவர்கள் இருக்கிறார்கள். அதனால் "முற்றான தீர்ப்பின் பிரதி என் கையில் வரும் வரை" என்று பேச்சிலேயே சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கும் கணவருக்கும் பிரச்சினை. காதி நீதிமன்றத்துக்குப் போகச் சொல்கிறார்கள். லோயர் வைக்க வசதி இல்லை. வைக்காமல் போனால் என் பக்கம் எடுபடுமா? அவர் பக்கம் பேச ஆட்கள் நிறைய.
– கிண்ணியாச் சகோதரி

பதில்: லோயர் செலவைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதிக்கு முன் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. உங்களுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. அவர் எவ்வளவு வசதியானவர் என்றாலும் அந்த அறையில் அவரே பேச வேண்டும்.

ஆனால் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. காதியும் ஆண், சுற்றி நிற்பவர்களும் ஆண்கள், நடுவில் ஒரு பெண் தன் வீட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதனால் சொல்ல வேண்டியதை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். எந்த மாதத்திலிருந்து செலவு தரவில்லை, பிள்ளைகள் எத்தனை பேர், மஹர் (கணவர் உங்களுக்குத் தர வேண்டிய மணக்கொடை) கொடுபட்டதா, கைக்கூலியாக உங்கள் வீட்டார் என்ன கொடுத்தார்கள், அதற்குச் சாட்சி யார். மனைவிக்கும் பிள்ளைக்கும் தாபரிப்பு, மஹர், கைக்கூலி எல்லாமே காதி விசாரிக்கக்கூடியவை. நீங்கள் கேட்காவிட்டால் அவர் தானாக எடுத்துத் தருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். எழுதியதில் ஒரு பிரதி கொடுத்து, கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

காதி கட்டளையிட்ட பணத்தை அவர் கட்டாவிட்டால், காதி அதை நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பித் தண்டப்பணம் போல அறவிடலாம். தீர்ப்பு நியாயமில்லை என்றால் காதிகள் சபைக்கு மேன்முறையீடு உண்டு. அதற்குக் காலக்கெடு இருப்பதால், தீர்ப்புக் கிடைத்த கிழமையே சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை கேளுங்கள். ஆலோசனைக்குக் காசு கேட்கமாட்டார்கள்.

கேள்வி: தங்கச்சியின் கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான். பொலிசில் சொன்னால் கூப்பிட்டுப் புத்தி சொல்லி அனுப்புகிறார்கள். கிராமத்தில் மத்தியஸ்த சபைக்குப் போங்கள் என்கிறார்கள். சீதன நகைகளும் மாமியார் வீட்டில் இருக்கின்றன.
– அக்கா, சீனன்குடா

பதில்: அடி ஒரு விஷயம், நகை இன்னொரு விஷயம். இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

அடிக்கு மத்தியஸ்தம் பேசும் கதை வேண்டாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்திடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். தங்கச்சி தானே கேட்கலாம், அவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். உடனடி ஆபத்து என்றால் முதலில் இடைக்காலக் கட்டளை. பிறகு விசாரித்து 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை கிடைக்கும். அவன் வீட்டுக்குள் வராமல், வேலைத்தலத்துக்குப் பின்னால் திரியாமல் தடுக்க முடியும். இது விவாகரத்து வழக்கு இல்லை, இதைக் கேட்டதால் குடும்பம் குலைந்துபோகும் என்று பயப்படத் தேவையில்லை. அடிபட்ட அன்றைக்கே அரச ஆஸ்பத்திரியில் காட்டி, என்ன நடந்தது என்று உண்மையைச் சொல்லுங்கள். "விழுந்துவிட்டேன்" என்று சொன்னால் அதுதான் பதிவாகும். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனால் பேச்சின் தொனியே மாறும். பெண்களுக்கான 1938, பிள்ளைகளுக்கான 1929 இரண்டு இலக்கங்களையும் அவளுடைய போனில் இன்றைக்கே பதிந்து கொடுங்கள்.

நகைக்கு மத்தியஸ்த சபை நல்ல இடம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அங்கேயும் லோயர்மார் பேச முடியாது, செலவும் இல்லை என்றே சொல்லலாம். அனேகமாகச் சனி, ஞாயிறில் பள்ளிக்கூடக் கட்டடத்தில் கூடுவார்கள், கூலி நாளும் போகாது. நகைப் பட்டியல், கல்யாணப் படம், கடைச் சிட்டை கொண்டுபோங்கள். மாமியார் ஒத்துக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் இணங்காமைச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து மேலே போகலாம்.

கேள்வி: எனக்கு வயது 71. தம்பலகாமத்தில் இருக்கிறேன். வீட்டு வளவை மகனுக்கு நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்தேன். இப்போது சாப்பாடு கூட ஒழுங்காக இல்லை. மகனுக்கு எதிராகக் கோட்டுக்குப் போக மனம் இல்லை, காசும் இல்லை.
– ஒரு தகப்பன்

பதில்: ஐயா, கோட்டுக்குப் போகாமலே ஒரு வழி இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 60 வயதைக் கடந்த பெற்றோர் தங்களைப் பராமரிக்காத பிள்ளைகளிடம் தாபரிப்புக் கேட்டுப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள். விண்ணப்பத்தை நிரப்ப அவர் உதவுவார். எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் முகவரியையும் கொடுங்கள். வளவு எடுத்த மகனோடு மற்றவர்களுக்கும் கடமை உண்டு. மகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று சில பெயரை மறைப்பார்கள், மறைக்க வேண்டாம்.

உறுதி வேறு கதை. "மீளப்பெற முடியாதது" என்று எழுதிய நன்கொடையைக் கூட, வாங்கியவர் மிக மோசமான நன்றிகெட்ட செயல் செய்திருந்தால் இரத்துச் செய்யும்படி மாவட்ட நீதிமன்றத்தைக் கேட்கலாம். 2017இல் அதற்கென ஒரு சட்டமும் வந்திருக்கிறது. நொத்தாரிசு ஒருவர் தனியாக அதைக் கிழித்துத் தர முடியாது. முடியும் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அதற்குச் சட்டத்தரணி கட்டாயம் வேண்டும். உறுதியின் பிரதியோடு சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், நடக்க முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரை அனுப்பி முதலில் விசாரியுங்கள். பிரதி உங்களிடம் இல்லாவிட்டால் காணிப் பதிவகத்தில் எடுக்கலாம். மகனிடம் கேட்கத் தேவையில்லை.